பெருவழியில் பாணர்

சங்க காலத்துத் தமிழகத்தில் நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு. கடலை நம்பியவர்கள் உண்டு. ஆநிரையையும் வில்லையும் உப்பு வண்டியையும் நம்பியவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றும் இல்லாமல், தோளில் தொங்கும் யாழையும், தமக்கு முன்னால் போய்வந்த இன்னொருவன் வழியிலே சொல்லும் செய்தியையுமே மூலதனமாகக் கொண்டு, குடும்பம் முழுவதையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தே ஆயுளைக் கழித்த ஒரு கூட்டத்தாரும் இருந்தார்கள். அவர்களே பாணர். அவர்களுடைய பண்ணைப் பற்றியும் கருவியைப் பற்றியும் நம் அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்; அவர்களுடைய பிரயாணத்தைப் பற்றி, அதாவது எந்தப் பருவத்தில் புறப்பட்டார்கள், வழியில் எதைத் தின்றார்கள், எங்கே போவதென்பதை எவ்வாறு தீர்மானித்தார்கள், அந்த ஜீவனம் எந்தக் காரணத்தால் நாளடைவில் அற்றுப்போயிற்று என்பவற்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை.

இதற்கு நமக்கு முக்கியமான ஆதாரம் பத்துப்பாட்டு. உ. வே. சாமிநாதையர் அதை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சிட்டு வெளியிட்ட பிறகுதான், ஏட்டுச் சுவடிகளுக்குள் முடங்கிக் கிடந்த அந்தப் பழைய வழிகளில் நாமும் நடந்து பார்க்க முடிந்தது. பத்துப் பாட்டுக்களில் ஐந்து ஆற்றுப்படை என்ற வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒருவன், பசியோடு எதிரே வருகிற தன் இனத்தான் ஒருவனை வழியிடையே கண்டு, தான் யாரிடம் போனான், என்ன பெற்றான், அங்கே எவ்வழியாகப் போகவேண்டும் என்றெல்லாம் எடுத்துச் சொல்லி அவனையும் அனுப்பி வைப்பதே அதன் அமைப்பு. தொல்காப்பியர் புறத்திணையியலில் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று நால்வரைச் சொல்லி, இதை அவர்களுக்கு உரிய துறையாக வகுக்கிறார். புலவன் ஒருவன் தன் புரவலனைப் புகழ்வதற்குப் பாணனுடைய வாயை இரவல் வாங்கிக்கொள்கிறான், இது ஒரு காவிய உத்தி, என்று இலக்கிய ஆசிரியர்கள் சொல்லுவார்கள். அது சரியே. ஆனால் அந்த உத்தி பலிக்க வேண்டுமானால், வழியிலே இரண்டு பாணர் கூட்டங்கள் எதிர்ப்பட்டு நின்று பேசுகிற காட்சி, கேட்போர் எல்லாருக்கும் கண்டு பழகியதாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தற்செயலான சந்திப்பே அந்தத் தொழிலின் முதுகெலும்பு என்பது என் அபிப்பிராயம்.

யார் யார் இப்படி நடந்தார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். பாணர் என்று பொதுவாகச் சொன்னாலும், இசைப்பாணர், யாழ்ப்பாணர், மண்டைப்பாணர் என்று உரையாசிரியர்கள் மூவகை கூறுவர்; மண்டை என்னும் ஓட்டை ஏந்தி இரந்துண்டவர் மூன்றாம் வகையார். யாழ்ப்பாணருள் பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர், சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்பது சிலப்பதிகார உரைகளால் தெரியவருகிற கணக்கு. இவர்களோடு பாடினியர் வருவார்கள். பாட்டின் பொருளை மெய்ப்பாடு தோன்ற ஆடிக் காட்டும் விறலியர் வருவார்கள். முழவும் ஆகுளியும் பாண்டிலும் குழலும் தூம்புமாகப் பலவற்றைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து வரும் கூத்தர் வருவார்கள். இவர்களை நம்பிய முதியவர்களும் குழந்தைகளும் வருவார்கள். ஒரு சிறு சுற்றமே இடம்பெயர்ந்து போகிறது என்று கொள்ள வேண்டும். நடந்து நடந்து நொந்த பாடினியின் மெல்லடியை, ஓடி இளைத்த நாயின் நாக்கோடு ஒப்பிட்டுப் பழைய புலவர் சொல்லியிருப்பதைப் படிக்கிறவர்கள், அந்த உவமையில் அழகை மட்டுமே கண்டு மேலே போய்விடுகிறார்கள். அந்தக் கால்கள் எத்தனை காததூரம் நடந்து அந்த நிறத்தையும் மென்மையையும் அடைந்தன என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இந்த நான்கு மாதமும் ஆறுகள் பெருகிக் கிடக்கும், வழிகள் சேறாகும், போருக்குப் போன வீரனே பாசறையில் அடங்கியிருப்பான் அல்லது வீடு திரும்பியிருப்பான். பாணனுக்கோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. யாழின் நரம்பு விலங்கின் நரம்பினால் முறுக்கப்பட்டது. ஈரக்காற்றுப் பட்டால் அது தளர்ந்து சுருதி கெட்டுவிடும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வாடைக் குளிர் வருணிக்கப்படும் இடத்தில், குளிரால் குரல் திரிந்த யாழ் நரம்பை மகளிர் தம் மார்பின் வெம்மையில் வைத்துத் தடவிச் சூடேற்றிப் பின்பே பண்ணுக்கு இசையக் கூட்டுகிறார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. கூரையும் கதவும் கணப்பும் உள்ள ஊரிலேயே இந்தப் பாடு என்றால், மரத்தடியில் இராத் தங்குகிறவன் கையிலுள்ள யாழ் என்ன கதியாகும்! ஆற்றுப்படைப் பாணர் வேனிற் காலத்து வெயிலில் நடப்பவர்களாகவே சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் காட்சி தருவது வெறும் அவல வருணனைக்காக அமைக்கப்பட்டதன்று என்றே தோன்றுகிறது. மழை நாட்களில் வாய்த்த கூரையின்கீழ் முடங்கிக் கிடந்து, கையிருப்பு எல்லாம் கரைந்து, வெயில் ஏறியதும் வெளியே ஓடவேண்டிய நிர்ப்பந்தத்தில் அகப்பட்டவர்கள் அவர்கள்.

அந்த நிர்ப்பந்தம் எத்தகையது என்பதைச் சிறுபாணாற்றுப்படை ஒளிக்காமல் காட்டுகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்தப் பாட்டில், பரிசில் பெற்று வந்த பாணனே தன் பழைய வீட்டின் நிலையைச் சொல்லுகிறான். கூரை இற்று விழும் அடுக்களையில் நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது; கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையைப் பற்றி இழுக்க, அந்த நோவு பொறுக்காமல் தாய் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து, உப்பு வாங்கவும் வகையில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் கண்டு ஏளனம் செய்வார்களே என்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். தமிழில் வறுமையைப் பாடிய பாட்டுக்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த அடைத்த கதவுக்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை. பாட்டுத் தொழிலைக் கைக்கொண்டவனுக்கு ஊரார்முன் மானம் போனால் மறுபடி யாழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முகம் ஏது?

ஆகவே ஓட்டம் தொடங்குகிறது. திருவிழா நடக்கும் ஊர் இருந்தால் முதலில் அங்கே போவார்கள். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் வருகிற பொருநன் ஒரு விழாவை முடித்துக்கொண்டு வருகிறவன். விழா முடிந்த மறுநாளும் அங்கேயே தங்கி, மிஞ்சிய சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கிடக்காமல், வேறு புலத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டான் என்பதைப் புலவர் அவனுக்கு ஒரு பெருமையாகவே சொல்லுகிறார். தொழில் தர்மம் அது. கூத்து முடிந்த கொட்டகையில் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் நடிகனை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவர்களும் பார்த்தார்கள் போலும். காட்டு வழியில் நிழல் கண்ட இடத்தில் இறங்கி, அங்கே உறையும் தெய்வத்துக்கு முதலில் யாழை மீட்டிக் கடன் செலுத்திவிட்டுத்தான் இளைப்பாறுவார்கள். பாலைப் பண்ணை இனிமையாக எழுப்பினால் வழிப்பறிக் கள்வரும் கையிலுள்ள படைக்கலத்தை நழுவவிட்டு மறத்தை மறந்து நிற்பார்கள் என்று பொருநராற்றுப்படை சொல்லும். கள்வர் உண்மையிலேயே அப்படி உருகினார்களோ இல்லையோ, யாழைத் தவிரப் பறிப்பதற்கு ஒன்றுமில்லாத கூட்டத்தை அவர்கள் விட்டுவிட்டதில் வியப்பில்லை.

இப்படி நடக்கும்போதுதான் எதிரே இன்னொரு கூட்டம் வருகிறது. உடுப்பிலும் முகத்திலும் செழிப்புத் தெரிகிறது. நேற்றுவரை நம்மைப் போல் இருந்தவர்கள் என்பதும் தெரிகிறது. நிறுத்திப் பேசுகிறார்கள். வழி தவறி வேறு பக்கம் போய்விடாமல் நீங்கள் என்னை எதிர்ப்பட்டது நீங்கள் முன்செய்த தவத்தின் பயன் என்று வந்தவன் தொடங்குகிறான். சந்திப்பின் தற்செயலைத் தவத்தின் பயனாகக் கருதிய அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது. எந்தச் சிற்றரசன் இப்போது கொடுக்கிறான், எவன் போரில் மாண்டான், எவன் வாயிலில் காவலன் தடுப்பான், எவன் வாயிலில் தடுக்கமாட்டான் என்ற தகவல் ஓலையில் எழுதி ஒட்டப்பட்டதில்லை. அது நடக்கும் மனிதர்களின் வாயில் இருந்தது. அந்த வாயை வழியில் சந்தித்தவன் பிழைத்தான். அரை நாழிகை முன்பின்னாகக் கவர்வழியில் பிரிந்தவன் பட்டினி கிடந்தான்.

மலைபடுகடாம் இவ்வகையில் ஓர் அபூர்வமான பாட்டு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடியது, 583 அடிகள். செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம். புகழுரையை நீக்கிவிட்டுப் படித்தால் அது ஒரு வழிகாட்டிக் கையேடு. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் கிடக்கும், ஆகையால் விடிந்த பின்பே நடங்கள். பாம்பு ஒடுங்கியிருக்கும் குழிகளைக் கவனியுங்கள். புனங்காப்போர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள். நடுகல் எதிர்ப்பட்டால் யாழை இயக்கித் தொழுதுவிட்டுப் போங்கள் என்று வரிசையாக எச்சரிக்கைகள் வருகின்றன. இவற்றுள் ஒன்றை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வழிகள் பல பிரியும் சந்தியில், நீங்கள் போகிற வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் செய்து வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும், என்கிறான் வழி சொல்லும் கூத்தன். பரிசில் இன்னும் கைக்கு வரவில்லை, பசி தீரவில்லை, அதற்கு முன்பே, முகம் தெரியாத அடுத்த கூட்டத்துக்கு வழிகாட்டும் பொறுப்பு கேட்பவன் தலைமேல் ஏற்றப்பட்டுவிடுகிறது.

போட்டியாளனுக்கு ஒருவன் ஏன் வழி சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழலாம். அரசன் களஞ்சியம் அளவுபட்டது. இன்னும் பத்துப் பேர் போய் நின்றால் அடுத்த தடவை தன் பங்கு குறையாதா? இதற்கு ஈகைக் குணம், இனப்பற்று என்று விடை சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கு இன்னும் நுட்பமானது. பரிசில் வாங்கியவன் பதிலுக்குக் கொடுக்க வேண்டியது புகழ். அதை அரண்மனையில் பாடிவிட்டதோடு கடன் தீர்ந்துவிடாது. நாடெங்கும் பரப்பினால்தான் தீரும். பெருவழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தவன் பெயரைச் சொல்லி அனுப்புவதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. தவிர, இன்று வழி சொல்லுகிறவன் அடுத்த கோடையில் வழி கேட்கிறவனாக இருப்பான் என்பது இருவருக்கும் தெரியும். நன்றியும் சுயநலமும் இங்கே ஒரே திசையில் இழுத்தபடியால்தான் ஏடு, தூதன், அதிகாரி என்ற எந்தச் சாதனமும் இல்லாத ஒரு செய்திப் போக்குவரத்து தமிழகம் முழுவதும் நடந்திருக்கிறது.

வழியிலே கிடைக்கும் சாப்பாட்டை ஆற்றுப்படைப் புலவர்கள் எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள்! சிறுபாணன் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகிற வழியில், இன்றைய மரக்காணத்துப் பக்கம் என்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில் பரதவர் பழைய தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் கொடுப்பார்கள். வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்தித் தீட்டிய அரிசியின் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும். அங்கிருந்து நல்லியக்கோடன் ஊராகிய கிடங்கில் தூரமில்லை. கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட ஊர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கச்சியில் உள்ள தொண்டைமான் இளந்திரையனை நோக்கிப் போகும் வழி இன்னும் நீண்டது. குழந்தையும் குடித்தனமுமாக உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மிளகுப் பொதி ஏற்றிய கழுதைச் சாத்து, சுங்கம் கொள்ளும் பெருவழியில், வில்லேந்திய காவலைத் தாண்டிப் போகிறது. எயினர் குடியில் எறும்பு சேர்த்த புல்லரிசியை மண்ணைக் கிண்டி எடுத்து, நிலவுரலில் குத்தி, உவர்க் கிணற்று நீரில் உலை வைத்து, வாட்டிய இறைச்சியோடு படைக்கிறார்கள். அந்தணர் ஊரில் நெல்லுச் சோறும் மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன. காட்டிலும் கடற்கரையிலும் வயலிலும் அவரவர் தின்பதையே பாணனுக்கும் தின்னக் கொடுத்தார்கள். அவன் சாதி என்ன என்ற விசாரணை ஆற்றுப்படையில் எங்கும் குறுக்கிடவில்லை. பிற்காலத்தில் அது குறுக்கிட்டதைப் பின்னால் சொல்லுவேன்.

போய்ச் சேர்ந்த இடத்து உபசாரம் பிரசித்தமானது. அதிகம் விரிக்க வேண்டியதில்லை. கரிகால் வளவன் அரண்மனையில் பொருநனுடைய ஈரும் பேனும் குடியேறிய, வேறு நூலால் தைத்த கந்தல் நீக்கப்பட்டு, பாம்பின் சட்டையைப் போன்ற மெல்லிய ஆடை கொடுக்கப்படுகிறது. இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் தேய்ந்து போயிற்று என்று அவனே சொல்லிக்கொள்கிறான். விடைபெறும்போது வெண்குதிரை நான்கு பூட்டிய தேரில் ஏற்றி, அரசன் ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புகிறான். இளந்திரையனிடம் போனவனுக்குப் பொற்றாமரைப் பூவும் அவனுடைய பாடினிக்குப் பொன்னரி மாலையும். இவை முழுவதையும் அப்படியே நம்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாணன் வாயிலாகப் பேசுகிறவர் புலவர். அவருக்கும் பரிசில் வேண்டும். எனவே முந்திய விருந்தாளிக்குக் கிடைத்ததைச் சற்றுத் தாராளமாகவே அளந்து சொல்லியிருப்பார்.

தேரும் பொற்பூவும் பெற்றவர்கள் ஏன் அடுத்த ஆண்டும் நடந்தார்கள் என்று யோசித்தால் உண்மை வெளிப்படும். ஐங்குறுநூற்றில் பாணர் மகள் ஒருத்தி மீனைக் கொடுத்துவிட்டு நெல்லோ பயறோ வாங்கிப் போகிறாள். தூண்டிலோடு நீர்க்கரையில் நிற்கும் பாணனையும் அகப்பாட்டுக்களில் காண்கிறோம். பரத்தையர் வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்காகச் சமாதானம் பேச வந்து, தலைவியிடமும் தோழியிடமும் வசை கேட்டுக்கொண்டு நிற்பவனும் அவனே. பொற்றாமரை எப்போதோ ஒரு நாள், மீன் அன்றாடம். யாழ் வித்தையின் பெருமைக்கும் யாழ் வாசித்தவனுடைய சமூக நிலைமைக்கும் இடையே இருந்த தூரத்தை இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தாலன்றி அறிய முடியாது.

இந்த ஜீவனம் நிலைத்து நிற்க ஒரு நிபந்தனை இருந்தது: கொடுக்கும் வாயில்கள் பலவாக இருக்கவேண்டும். மலைக்கு ஒரு வேள், ஆற்றுக்கு ஒரு கிழான், காட்டுக்கு ஒரு குறுநில மன்னன் என்று புரவலர்கள் சிதறிக் கிடந்தால்தான் நடப்பதற்கு அர்த்தம் உண்டு; வழியில் கேட்கும் செய்திக்கு விலை உண்டு. சிறுபாணாற்றுப்படையிலேயே அந்த நிபந்தனை தளர்ந்துவிட்டதைப் பார்க்கிறோம். வஞ்சியும் மதுரையும் உறந்தையும் இப்போது கொடையில் வறிதாகிவிட்டன என்று பாணன் சொல்லுகிறான். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்ற எழுவரும் தாங்கிய ஈகைப் பாரத்தை இன்று நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்று புகழ்கிறான். புகழ்ச்சிதான், ஆனால் ஏழு கதவுகளின் வேலையை ஒரு கதவு செய்கிறது என்பதைப் பாணனுடைய காலால் அளந்து பார்த்தால் அது ஒரு துக்கச் செய்தி. பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்ட வரலாற்றை நாம் வீரக் கதையாகப் படிக்கிறோம். வேளிர் அழிய அழிய, நடந்து பிழைத்தவர்களுக்கு ஊர்கள் அற்றுப்போயின என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம்.

பெரிய நகரங்கள் இசைவாணரைத் தம்மிடத்திலேயே இருத்திக்கொள்ளத் தொடங்கியதும் உண்டு. மதுரைக்காஞ்சியில் வையைத் துறைகளின் சோலைகளிடையேயும், சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்திலும் பெரும்பாணர் குடியிருப்பு ஒன்று காட்டப்படுகிறது. அங்கே இருந்தவர்களுக்குக் கூரை இருந்தது. கூதிர் மாதத்தில் நரம்பைக் காப்பாற்ற முடிந்தது. சிறுபாணருக்கு அப்படி ஓர் இருக்கை சொல்லப்படாததை இங்கே கவனிக்கலாம்.

பின்னர்ப் பக்தியின் காலம் வந்தபோது பாணனுக்கு மறுபடியும் ஒரு நடை வாய்த்தது. திருஎருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் திருஞானசம்பந்தரோடு தலம் தலமாக நடந்தார்கள். பிள்ளையாராகிய சம்பந்தர் பாட, யாழ்ப்பாணர் அதை யாழில் இட்டு வாசித்தார். தருமபுரத்தில் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமல் போகவே, மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார் என்பதும், பிள்ளையார் தடுத்தார் என்பதும் பலரும் அறிந்தவை. நான் சொல்ல வந்தது வேறு. யாழ்ப்பாணர் ஆலயங்களின் வாயிலில் நின்றே வாசிக்கிறார். ஆரூரில் அவருக்கென்று வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்படுகிறது. மதுரையில் அடியார்கள் கனவில் ஆணை பெற்று அவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள், என்று வானில் ஒரு குரல் எழுகிறது. சேக்கிழார் அற்புதமாகச் சொல்லும் இந்த இடத்தில், நெடுநல்வாடை மகளிர் கவலைப்பட்ட அதே ஈரத்தைப் பற்றி ஆலவாய்க் கடவுளும் கவலைப்படுவதைக் காணலாம். காட்டிலே எயினனும் கடற்கரையிலே பரதவனும் திறந்துவைத்த கதவு, கோயிலில் தெய்வம் வாய்திறந்து சொன்ன பிறகே திறந்தது. திருப்பாணாழ்வார் அரங்கத்துக்கு எதிரே காவிரிக் கரையிலேயே நின்று பாடியதும், லோகசாரங்கர் தோளில் ஏற்றிச் சென்ற பிறகே உள்ளே புகுந்ததும் இதே கதையின் வைஷ்ணவ வடிவம்.

ஆற்றுப்படையும் இந்தக் காலத்தில் திசை மாறியது. முருகனிடம் வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படையைச் சைவர்கள் பதினோராந் திருமுறையில் சேர்த்துக்கொண்டார்கள். அதே திருமுறையின் முதலில் நிற்பது, பாணபத்திரனுக்குப் பொருள் கொடுத்தனுப்புமாறு சேரமானுக்கு ஆலவாய் இறைவன் எழுதிய திருமுகப் பாசுரம். வழியில் எதிர்ப்படும் சக பாணன் சொல்லவேண்டியதைத் தெய்வமே ஓலையில் எழுதிக் கொடுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றால், வழியில் எதிர்ப்படுவார் குறைந்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இதற்கிடையே யாழும் போயிற்று. வீணை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழைய நூல்களைத் துருவி, யாழின் வடிவங்களையும் சுருதிக் கணக்குகளையும் மீட்டு எழுதிய யாழ் நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். யாழ்ப்பாணம் என்ற பெயருக்கே, கண் தெரியாத பாணன் ஒருவன் அரசனைப் பாடி மணற்பாங்கான நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்று யாழ்ப்பாண வைபவமாலை ஒரு கதை சொல்லுகிறது. கதையின் உண்மை எப்படியாயினும், பரிசில் நிலமாகக் கிடைத்தவன் அங்கேயே இருந்துவிட்டான் என்பதை ஊகிக்கலாம். மலையாள நாட்டில் பாணர் என்ற பெயருடையோர், கர்க்கடக மாதத்து இரவுகளில் துடியோடு வீடு வீடாகப் போய்த் துயிலுணர்த்துப் பாட்டுப் பாடி, அரிசியும் துணியும் பெறும் வழக்கம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அந்த அளவுகூட மிஞ்சவில்லை.

தமிழ்நாட்டில் பாடகனை ஓரிடத்தில் நிறுத்தியவர்களுள் மிகவும் தெளிவாகக் கணக்கெழுதி வைத்தவன் முதலாம் ராஜராஜன். 985 முதல் 1014 வரை ஆண்ட அவன், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்குப் பிடாரர் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க 2 பேரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கும்படி கல்லில் வெட்டுவித்தான். இவர்கள் பாணர் அல்லர். ஆயினும் தேவாரப் பண்களை மீட்பதற்கு நம்பியாண்டார் நம்பியும் சோழ அரசனும் எருக்கத்தம்புலியூருக்குப் போய், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டே பண் அடைவு பெற்றார்கள் என்று திருமுறை கண்ட புராணம் கூறுவதால், பாணரின் இசை இவர்கள் வாயில் ஏறியது என்று கொள்ள இடமுண்டு. முக்குறுணி என்பது கால் கலம். குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்த வீட்டுக்கு அது கனவிலும் காணாத ஸ்திரமான வருமானம். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. அந்தச் சாசனத்தின் நிபந்தனைப் பகுதியில், இறந்துபோனவர்களுக்கும் அயல் நாடு போய்விட்டவர்களுக்கும் பதிலாக அவர்களுக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பதியம் பாடுவது என்றும், அந்த உறவினருக்குத் தகுதி இல்லையானால் தகுதியுள்ள வேறொருவரை இட்டுப் பாடுவிப்பது என்றும் கண்டிருக்கிறது. தேசாந்தரம் போவதும் சாவதும் அந்தக் கணக்கில் ஒரே வரியில் வருகின்றன. இரண்டுக்கும் இடம் காலி என்றே பொருள்.